இடக்கை முடிச்சு

அச்சு முறுக்கு வேகும் எண்ணெய் வாசனையும் ஈர வலையின் கவிச்சியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால்தான் எங்கள் தெருவுக்கு டிசம்பர் பிறந்ததாக அர்த்தம். வேம்பாருக்குத் தெற்கே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த ஓட்டு வீடுகளில், நாங்கள் 'குசினி' என்று சொல்லும் சமையலறைகள் எல்லாவற்றிலும் அடுப்பு ஓயாமல் எரியும். பண்டிகை நெருங்க நெருங்க எண்ணெய்ப் பாக்கெட்டுகளும் ஜிகினாத் தாள்களும் கேக் பெட்டிகளும் தெருக்கோடியில் குவிந்து, காக்கைகள் எங்களுக்கு முன்பே கிறிஸ்துமஸ் கொண்டாடத் தொடங்கிவிடும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், எங்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். பண்டிகைக்கு முந்தைய நான்கு சனிக்கிழமைகளும் வீடு வீடாக வந்து குப்பை வாளியைப் பார்ப்பார். எந்த வீட்டில் குப்பை குறைவோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் கோவிலிலிருந்து தெருக் குடிலுக்குத் தூக்கி வர வேண்டும். அதுவரை அந்தப் பாக்கியம் சொந்தப் படகு வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கே கிடைத்து வந்தது. என் அப்பாவோ அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். சிஸ்டர் இதை அறிவித்த அன்று, நான்தான் தூக்க வேண்டும் என்று சோறு தின்னாமல் அழுதேன். அப்பா என் தலையில் கைவைத்து, "ஏளா, நீதான் தூக்குவ. அப்பா சொல்லுதேன்லா" என்றார். அதை நான் அப்படியே நம்பினேன்.

அந்த ஒரு மாதம் அம்மாவை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அண்ணாச்சி கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோய்ச் சில்லறை எண்ணெய் வாங்கி வந்தேன். மீன் கழிவை முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். போன வருடத்து நட்சத்திரத்தின் கிழிசலுக்குப் பசை தடவினேன். உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்த ஓலைக் கொட்டான்களைத் தட்டிச் சுத்தம் செய்து, பலகாரம் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தேன். சனிக்கிழமைதோறும் எங்கள் வாளியில் நாலு முட்டை ஓடும் கொஞ்சம் சாம்பலும்தான் கிடந்தன. சிஸ்டர் புருவத்தை உயர்த்திச் சிரிப்பார். எனக்குத் தரையில் கால் பாவாது. இடையில் என் பழைய செருப்பைக் காணவில்லை என்று கேட்டபோது, "தைக்கக் குடுத்திருக்கு" என்று அம்மா சொன்னாள். அதையும் நம்பினேன்.

நாலாவது சனிக்கிழமை சிஸ்டர் என் பெயரைச் சொல்லிவிட்டார். இருபத்து நான்காம் தேதி காலையில் கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். கயிறு பிடித்தால் குழம்புக்குச் சாளை மீன் கிடைக்கும் என்பதால் நானும் போயிருந்தேன். மீன் சேரும் வலையின் மடியை மணலில் கொட்டியபோது, துள்ளிய மீன்களுக்கு நடுவே ஊதிப்போன பாலித்தீன் பை ஒன்று கிடந்தது. வாயைப் பச்சை நைலான் நூலால் கட்டியிருந்தார்கள். தெருவிலேயே இடக்கைக்காரர் என் அப்பா ஒருவர்தான்; அவர் போடும் முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். வலையின் கிழிசலைப் பொத்தும்போது அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வார்கள்.

பக்கத்தில் கயிறு பிடித்த அந்தோணி மாமா குனிந்து பார்த்துவிட்டு, "ஏளா, இது ஒங்கப்பன் முடிச்சுல்லா" என்று சிரித்தார். நான் பையைக் கிழித்தேன். எண்ணெய்ப் பாக்கெட்டுகள், கேக் பெட்டி, சிவப்பு நூல் சுற்றி நானே வார் கட்டிய என் செருப்பு. நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அம்மா வழக்கம்போலவே எல்லாம் வாங்கியிருக்கிறாள். அப்பா அதையெல்லாம் மூட்டை கட்டி, தொழிலுக்குப் போகையில் கடலில் போட்டிருக்கிறார்.

பையை வீட்டுக்குத் தூக்கி வந்து அப்பாவின் காலடியில் வைத்தேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. "நீதான தூக்கணும்னு அழுத? ஒனக்காவத்தான் செஞ்சேன். கடலு எம்புட்டுப் பெருசு, ஒரு பை போனா அதுக்கு என்ன?" என்றார். குசினியில் நின்ற அம்மா திரும்பியே பார்க்கவில்லை. வீட்டில் இருந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் தோண்டிய குழிகளையும் தடவிய பசையையும் இரண்டு பேரும் ஒரு மாதமாக வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் சுரூபத்தை நான்தான் தூக்கினேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் என்னுடையது, அதை அப்பாமேல் போட முடியாது. சிஸ்டர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். கூட்டத்தில் நின்ற அந்தோணி மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இப்போது தூத்துக்குடியில் குடியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கரையில் இப்போது கரைவலை இழுப்பதில்லை. வாளி பார்க்க வந்த சிஸ்டர் மாற்றலாகிப் போனதோடு அந்தப் போட்டியும் நின்றுபோனது. இங்கே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்க வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறது. அப்பா என்னோடுதான் இருக்கிறார். டிசம்பர் வந்தால் குப்பையைப் பிரித்துக் கட்டும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டு, நடுங்கும் இடக்கையால் முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டுகிறார். நான் அவர் கண்ணெதிரிலேயே அதை அவிழ்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் போடுகிறேன். இத்தனை வருடங்களில் ஏன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.