கோண உந்தம்

மொன்றியலில் என் முதல் குளிர்காலம். நாங்கள் நான்கு மாணவர்கள் ஒரு பௌதிகக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். சுழலும் மேடையின் விளிம்பில் நிற்பவர் நடுவுக்கு நடந்தால் மேடையின் வேகம் என்னவாகும்? கூடும். கோண உந்த விதியை யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்திருந்தேன். பிரெஞ்சில் விளக்கத்தான் வாய் வரவில்லை.

குழுவில் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். சுழற்சியைக் காட்ட நான் வளைத்து வரைந்த கோட்டைத் தொட்டு, அவளிடம் "கோண உந்தம் மாறாது எண்டு இவையளுக்குச் சொல்லும்" என்றேன்.

"என்ன, உந்தக் கோடு கோணலோ?" என்றவள், அதை அழித்து நேராக வரைந்தாள். அவளுடைய வீட்டுத் தமிழில் 'இந்த', 'அந்த' போல 'உந்த' மட்டும்தான் இருந்தது; பாடப்புத்தகத்து 'உந்தம்' இல்லை.

"இப்ப சரியோ?"

"ஓம்" என்றேன்.

மற்ற மூவரும் நினைத்தபடி, வேகம் மாறாது என்றே எழுதிக் கொடுத்தோம். எனக்குக் கணக்கு வராது என்று அவள் இன்றும் நினைக்கிறாள். மறுக்கலாம். எந்த மொழியில்?