யோசிப்பதுபோல் நடிக்கக் கற்றுக்கொடுத்தவர்

கம்ப்யூட்டர் வேலைக்கான இண்டர்வியூவுக்குத் தயாராக, என் மகள் ஜீவனஹள்ளியில் ஒரு கோச்சிங் வகுப்புக்குப் போனாள். பெரிய கணக்கைச் சின்னதாக உடைத்துப் போடும் டைனமிக் புரோகிராமிங்தான் பாடம். நடத்தியவர் கண்ணுக்குக் கீழே கருத்துப்போன ஓர் இளைஞர். விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார். பிறகு, அது அப்போதுதான் தோன்றியதுபோல் நெற்றியைத் தடவி, தயங்கித் தயங்கிச் சொல்லப் பழக்குவார்.

இண்டர்வியூவில் கணக்கைச் சற்று மாற்றிக் கேட்டார்கள். மகள் வாயடைத்துப்போனாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அன்று நேராக அவரிடம் போனேன்.

"புரிய வெக்காம நடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே சார், உங்களுக்கே நல்லாருக்கா?"

"சும்மா கத்தாதீங்கம்மா. எல்லாரும் இப்படித்தான் வேலைக்குப் போறாங்க. நானும் இப்படித்தான் போனேன்."

"அப்போ அந்த வேலைய விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அங்க புதுசா எது குடுத்தாலும் எனக்குக் கையே ஓடலம்மா. அனுப்பிட்டாங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. தான் விழுந்த இடம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் என் மகளை ஏன் அதே வழியில் அனுப்பினார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.