மருந்து வண்டி

திருத்தங்கலில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் சம்சாத்துக்கு மருந்து என்றால் மாத்திரை, டானிக், களிம்பு. ஊரில் மற்ற எல்லோருக்கும் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பது. மதுரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, தலைப்பிள்ளை காலேஜுக்குப் போன பிறகும் இந்த வித்தியாசம் அவள் மண்டையில் ஏறவில்லை.

கணவர் ஜெகபர் அலிக்கு மைக் செட் ஆட்டோ. ஜவுளிக்கடைத் தள்ளுபடியானாலும் இழவுச் செய்தியானாலும் ஊருக்கு அவர் குரல்தான். அவர் தும்மினால் சாத்தூரில் ரயில் நின்றுவிடும் என்பார்கள். ஒரு தரம் நின்றதாகவும் சொல்வார்கள்.

அன்று நடுப்பகலில் ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தது. கடை அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், பக்கத்து வீட்டு மாரிசெல்வி சிவகாசி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் அம்மா குருவம்மாளுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை.

"அக்கா, அம்மா வெந்து கெடக்கு. பாட்டில் ஏத்தணுமாம். அம்புட்டுப் பேரும் ஒண்ணா வந்ததுல இருக்கது பத்தலை. விருதுநகர்லருந்து வேன்ல வருதாம்."

அந்த வேனை ஓட்டி வருவது சம்சாத்தின் தம்பி ஃபரீத்; திருத்தங்கலைத் தாண்டித்தான் சிவகாசி. வழி கிடைக்கட்டும் என்று ஊர் வாட்ஸப் குரூப்பில் அவசரமாக எழுதினாள்: "மருந்து வண்டி வருகிறது. ரோட்டை விட்டு விலகுங்கள்."

வெடி கேட்ட காதுக்கு இது போதாதா? குரூப் குரூப்பாகத் தாவியதில் வண்டி லாரியானது, லாரியில் தீப்பிடித்தது. அந்த வழியிலேயே இல்லாத ஆலங்குளத்தில் ஒருவர் அதைக் கண்ணாலும் பார்த்துவிட்டார். கடைகள் சாத்தப்பட்டன. பிள்ளைகுட்டிகளோடு பைக்குகள் எல்லாம் ஒரே ரோட்டில் பாய்ந்து, ஒன்றும் நகர முடியாமல் சிக்கின.

ஃபரீத் போனில் வந்தான். "அக்கா, ஊருக்கு வெளியவே நிக்கேன். வண்டில மருந்துன்னு எழுதியிருக்கதப் பாத்து ஒருத்தன் கல்லத் தூக்குறான். எந்த மடப்பய கெளப்பிவிட்டானோ."

மடப்பய யாரென்று சம்சாத்துக்குத் தெரிந்துவிட்டது. தான் எழுதியதை அழித்தாள்; அது எப்போதோ ஓடிப்போயிருந்தது. 'தப்பான செய்தி' என்று எழுதினாள்.

"மொதல்ல வருதுன்னீக, இப்பம் தப்புங்கீக. நாங்க ஓடவா, நிக்கவா?" என்று பதில் வந்தது.

வாசலில், நெரிசலுக்குள் மாட்டியிருந்த கணவரின் ஆட்டோவிடம் ஓடினாள்.

"என்னங்க, மைக்கப் போடுங்க. வர்றது ஆஸ்பத்திரி மருந்துன்னு சொல்லுங்க."

"பின்ன வெடிமருந்துன்னு எவன் சொன்னான்?"

"நாந்தான். அப்புறமா ஏசுங்க."

"முக்கு வரைக்குந்தான கேக்கும். ஊர் எல்லைல நிக்கவனுக்கு?"

"நீங்க பேசுங்க." ஸ்பீக்கர் குழாயின் வாய்க்கு நேரே போனைப் பிடித்தாள். குரூப்பில் குரல் பதிவை அழுத்தினாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே, மைக் செட் ஜெகபர் அலி பேசுறேன். வர்றது வெடிமருந்து இல்ல. வெந்து கெடக்க நம்ம சனத்துக்கு ஆஸ்பத்திரி மருந்து. ஓடாதீக. இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்க."

எழுத்து யாருடையதாகவும் இருக்கலாம். அந்தத் தொண்டை ஊரில் ஒன்றுதான். புரளி போன அதே பாதையில் அந்தக் குரலும் போனது. எல்லையில், ஒரு பைக்குக்காரரின் போனில் அதைக் கேட்டவன் கல்லைக் கீழே போட்டான்.

"மைக் அலியா சொல்றாரு? அப்பம் சரிதான்."

அவனே வேனுக்கு முன்னால் நடந்து, பைக்குகளை ஒதுக்கிக்கொண்டே வந்தான். வேன் கடையைக் கடந்தபோது ஃபரீத் அவசரத்தில் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தியில் மாரிசெல்வி பேசினாள். "பாட்டில் ஏறுதுக்கா. இன்னும் பாத்துத்தான் சொல்லணும்ங்காக. அம்மா கண்ணு முழிச்சு, 'என்னடி மருந்து ஏத்துறாக, நம்ம கம்பெனி மருந்தா'ன்னு கேக்கு."

சம்சாத் சிரிக்கப் போய் அழுதாள். குரூப்பில் சேதி சொல்ல 'மரு' வரை தட்டினாள். தட்டியதை அழித்துவிட்டு, போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்களே வாயால சொல்லிருங்க."