டாலர் போட்டியா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர், கண் விழித்ததும் சொன்ன முதல் சொல் ‘டாலர்’. நர்ஸ் சிரித்துவிட்டாள். பேச்சு திரும்பிவிட்ட சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.

செங்கம் சாலையில் ஒரு மாடியில் நாங்கள் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தோம். அவர் எக்செல் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்களைச் சேர்ப்பது என் வேலை. எக்செல் தாளில் ஒரு கட்டத்துக்குள் எழுதிய ஃபார்முலாவைக் கீழே இழுத்தால், அதற்குள் இருக்கும் கட்டங்களின் முகவரிகளும் வரிக்கு வரி கீழே இறங்கிவிடும். எல்லா வரியும் ஒரே கட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அந்த முகவரிக்கு டாலர் குறி போட்டு நிறுத்த வேண்டும். கடைக்காரர்களோ வீட்டுப் பெண்களோ, யார் வந்தாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கிரிவல மலையைக் காட்டுவார். “பௌர்ணமிக்கு ஜனம் அத்தனையும் சுத்துது. மலையும் கூடவே சுத்துனா என்னாகும்? நிக்க வேண்டியதுக்கு டாலர் போட்டியா?” நாள் முழுக்க இதே குரல். வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தலை வலிக்கும்.

அந்தச் சொல்தான் மிஞ்சியது. ஏன் அது மட்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். “சில பேருக்கு அப்படி ஒரு வார்த்தை ஒட்டிக்கும்மா. மனசுல எல்லாம் இருக்கும், வெளிய வராது” என்றார். தண்ணீருக்கும் டாலர், வலிக்கும் டாலர், மகளைக் கூப்பிடவும் டாலர். கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்க்க வந்த நாத்தனார், “அண்ணன் செயின் டாலரைக் கேக்குறாரு போல அண்ணி” என்று தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது.

ஒருநாள் லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, வேண்டுமென்றே தப்பாக ஒரு ஃபார்முலா போட்டுக் கொடுத்தேன். வாதம் தொடாத இடது கை தயங்கவே இல்லை. நேராக அந்த முகவரிக்குப் போய், குறியைப் போட்டு, கீழே இழுத்துவிட்டார். விடைகள் அத்தனையும் சரி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. “அப்போ நீங்க பேசவே வேணாங்க. இன்னா வேணுமோ இதுலயே அடிங்க” என்றேன். விரல் எழுத்துகளுக்கு மேலே அலைந்தது. ஒன்றையும் தொடவில்லை.

போன வாரம் மத்தியானம் எதையோ பிடிவாதமாகக் கேட்டார். “தண்ணியா?” இல்லையென்று தலையை ஆட்டினார். “ஃபேனைக் கம்மி பண்ணவா? பாப்பாவுக்கு போன் போடவா?” இல்லை, இல்லை. ஜன்னலைத் திறந்தேன், மாத்திரை டப்பாவைக் காட்டினேன், தலையணையை மாற்றினேன். டாலர், டாலர் என்று அதட்டியவர், பிறகு அதே சொல்லால் கெஞ்சினார். “எனக்குப் புரியலைங்க” என்று கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவர் பேசுவதை நிறுத்தினார். அந்த இடது கை மெல்ல இறங்கி வந்து என் தலையைத் தடவியது. பரவாயில்லை, விடு என்பதுபோல. அன்று அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. அவரும் அதற்குப் பிறகு அப்படிக் கேட்கவில்லை.