தயாபரனுக்கு நான் மறுத்த உரிமை

தயாபரனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆக்கவுரிமையை மறுத்தவள் நான்தான். தவறுதலாக அல்ல. தெரிந்தே மறுத்தேன். பிறகு அவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யின் நன்மையை என் குடும்பம் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொல்ல வேண்டிய ஒருவருக்கு, என் அம்மாவுக்கு, நான் சொல்லக் கூடாது என்றாகிவிட்டது. ஏன் என்பதை முடிவில் அறிவீர்கள்.

நான் யாழ்ப்பாணத்துப் புத்தூரில் பிறந்தவள். தோட்டக்காரரின் மகள். பொறியியல் படித்துக் கொழும்பில், அரச ஆக்கவுரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைக் கேட்டு விண்ணப்பிப்பார்கள். அது உண்மையிலேயே புதியதா, அல்லது ஏற்கெனவே உள்ளதிலிருந்து எவரும் எளிதாக எட்டிவிடக் கூடியதா என்று பரிசோதித்துச் சொல்வது என் வேலை. அந்த அலுவலகத்தின் எங்கள் பிரிவில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். அங்கே யாரும் எனக்குத் தீங்கு செய்ததில்லை. ஆனாலும் எப்போதும் யாரோ என்னைக் கவனித்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம்... அந்த எண்ணத்தோடுதான் நான் தேநீர்கூடக் குடித்தேன்.

ஒருநாள் என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. உடற்பயிற்சிக்கான டம்பெல் ஒன்றின் வடிவமைப்பு. முகவரி புத்தூர். பெயர் தயாபரன்.

எனக்கு அவரைத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவர் வீடு. என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றே அழைத்து வளர்ந்தவள். இயன் மருத்துவம் படித்து, பாரிசவாதம் என்னும் பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். சாதாரண டம்பெல்லை இறுகப் பிடிக்க வேண்டும். கை விழுந்தவர்களால் பிடிக்க முடியாது. நழுவிக் காலில் விழும். பட்டியால் கட்டிவிட்டால் மணிக்கட்டு நோகும். அவர் செய்தது வேறு. கைபிடி உள்ளங்கைக்குச் சரிவாகக் கிடக்கும். பாரம் மணிக்கட்டின் கீழே இரு பக்கமும் பிரிந்து இறங்கும். விரல் மூடாத கையிலும் அது தானாகவே தங்கி நிற்கும்.

தெரிந்தவரின் விண்ணப்பம் வந்தால் அதைச் சொல்லி, வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதுதான் முறை. நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். 'இவர் என் ஊர்க்காரர்' என்று நானே வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டேனா? நான் எங்கிருந்து வந்தவள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்பவில்லையா? அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த வாரமே அம்மா தொலைபேசியில் அழைத்தார். தயாபரனின் தாய் கோயிலில் வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"எங்கடை பொடியன், பிள்ளை. ஒருக்கால் பாத்துச் செய்" என்றார் அம்மா.

எனக்கு எரிச்சல் வந்தது. என் வேலை என்ன, கோயில் வாசலில் கேட்டு வாங்கும் காரியமா? மறுநாள் தேநீர் வேளையில் மூத்த அலுவலர் ஒருவர் அந்த முகவரியைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க்காரர் போலிருக்கிறது, அப்படியானால் இது முடிந்த மாதிரித்தான் என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அடுத்த நிமிடமே வேறு கதைக்குப் போய்விட்டார். நான்தான் போகவில்லை! பதவி உயர்வுக்கான நேர்முகம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எவருக்கும் சாய்பவள் அல்ல என்று காட்ட ஒரு வாய்ப்பு மேசைமேல் கிடந்தது.

தேடினேன். புதிய எதையும் மறுக்க வேண்டும் என்று தேடினால் ஏதாவது கிடைக்கும். வளைந்த கைபிடி உள்ள பழைய வெளிநாட்டு டம்பெல் ஒன்று. கையின் மேற்புறம் பட்டி போட்ட இன்னொன்று. இவ்விரண்டையும் சேர்த்தால் இந்த வடிவம் வந்துவிடும், இதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று எழுதினேன்.

இரண்டையும் சேர்த்தால் இது வராது. பாரம் எங்கே இறங்குகிறது என்பதில்தான் அவருடைய மூளை இருந்தது. அந்தப் பழைய இரண்டிலும் அது இல்லை. எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்தபோதே தெரியும்.

தன் பக்கத்தை விளக்க அவர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். நானும் அந்த மூத்த அலுவலரும் இருந்தோம். உள்ளே நுழைந்ததும் என் பெயரைச் சொல்லி அழைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அழைக்கவில்லை. என்னை முன்பின் அறியாதவர் போல "மேடம்" என்றார். என் பயத்தை என் முகத்தில் படித்துவிட்டார்! எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று, தான் பெறக்கூடிய ஒரேயொரு சலுகையையும், ஒரு சிரிப்பைக்கூட, விட்டுக்கொடுத்தார்.

பையிலிருந்து மாதிரியை எடுத்து என் கையில் வைத்தார். விரல்களை மடக்க வேண்டாம் என்றார். மடக்கவில்லை. கையை உயர்த்தினேன். அது விழவில்லை. மணிக்கட்டில் இழுவையே இல்லை.

நான் அதை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இத்தோடு நின்றிருந்தால் இதை ஒரு கோழையின் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை... சில நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. தன் பொருளைச் செய்ய இசைந்திருந்த கொழும்பு நிறுவனம் உரிமை கிடைக்கும்வரை காத்திருந்தது என்றும், இப்போது பின்வாங்குகிறது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்:

"மேன்முறையீடு செய்தா ஏதும் வருமோ?"

வந்திருக்கும்! வேறொருவர் அந்த இரண்டு பழைய வடிவங்களையும் எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் வந்திருக்கும். அதனால்தான் பயந்தேன். நான் எழுதியதை இன்னொரு கண் படிக்கும் அல்லவா?

"பிரியோசனம் இல்லை அண்ணை" என்றேன். "நான் எவ்வளவோ கதைச்சுப் பாத்தனான். மேலை உள்ளவை விடேல்லை."

"உமக்கு ஏன் வீண் கரைச்சல். நீர் செய்ததே போதும்" என்றார்.

மேன்முறையீட்டுக்கான காலம் கடந்து போயிற்று. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இன்றும் அந்தப் பதவியில்தான் இருக்கிறேன். பின்வாங்கிய நிறுவனம் பிறகு அதே வடிவத்தைத் தன் பெயரில் செய்து விற்கத் தொடங்கியது. தடுக்க எவருக்கும் உரிமை இல்லையே! வெள்ளவத்தைக் கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் அதைக் கண்டேன். வேகமாக நடந்து கடந்தேன்.

பிறகு ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தது. என் தகப்பனாரின் வலக்கை முழுவதும் விழுந்துவிட்டது. வாழ்நாள் முழுதும் மண்வெட்டி பிடித்த கை, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மாட்டாமல் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே தயாபரன் வந்து படலையைத் திறந்தாராம். யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து வாரந்தோறும் வருகிறார். தன் கையால் செய்த அந்த டம்பெல்லை வைத்தே ஐயாவுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அம்மா எதைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. உங்கடை மகள் எனக்காக அங்கை எவ்வளவு கதைச்சவ, அது போதும் என்பாராம்.

அம்மா இதைப் பெருமையோடு என்னிடம் சொன்னபோது, நான் அலுவலகத்தில், அந்த மேசையின் முன் இருந்தேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். தயாபரன் வந்தார். சுகந்தி, எப்ப வந்தனீர் என்று சிரித்தார். ஐயாவின் அருகில் அமர்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி, கையை உயர்த்தச் சொன்னார். கை உயர்ந்தது. ஐயாவின் கண் கலங்கியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிணற்றடியில் அவர் கை கழுவ வந்தபோது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மேலிடம் ஒருநாளும் மறுக்கவில்லை, மறுத்தது நான் என்பதையும், மேன்முறையீட்டைத் தடுத்தது ஏன் என்பதையும். மேலதிகாரிகளுக்கு இப்போது எழுதிக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டேன். கேட்கும்போதே தெரியும்... ஊரெல்லாம் விற்கும் பொருளுக்கு இனி எவரும் உரிமை தர மாட்டார்கள்.

அவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். ஈரக் கையைத் துடைக்கவில்லை.

"உங்கடை அம்மாவுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார்.

கவனித்தீர்களா? 'உம்மடை' இல்லை. 'உங்கடை.' சிறு வயதிலிருந்து என்னோடு 'நீர்' என்று கதைத்தவர், அந்நியப் பெண்ணொருத்திக்குக் கொடுக்கும் மரியாதையை எனக்குக் கொடுத்தார்.

தெரியாது என்றேன்.

"சொல்லாதேங்கோ. அவவுக்குத் தெரிஞ்சா என்னை இந்த வீட்டுக்கை வரவிட வெக்கப்படுவா. ஐயாவின்ரை கை இன்னும் முழுசா வரேல்லை."

அவ்வளவுதான். ஏசியிருக்கலாம். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்! அவர் உள்ளே போய், ஐயாவிடம் அடுத்த கிழமை வாறன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகவே அம்மாவிடம் நான் வாய் திறக்க முடியாது. திறந்தால் ஐயாவின் கையை நானே மறுபடி விழுத்தியவள் ஆவேன். மனச்சாட்சிக்காகச் சொல்கிறேன் என்று அந்தக் கையைப் பணயம் வைக்கவா? அல்லது இதுவும் என் வசதிக்கு நான் கண்டுபிடித்த இன்னொரு காரணமா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லவும் வேண்டாம்.

நேற்று அம்மா அழைத்தார். ஐயா தானே தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக் குடித்தாராம். தயாபரன் பக்கத்தில் நின்று பார்த்தாராம்.

"நீ செய்த உதவியை அவன் இன்னும் மறக்கேல்லை, பாத்தியே?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா" என்றேன்.