சொறி பார்க்கும் சுக்ரி

கோராபுட் மலையில் உள்ள அந்தப் பெண்கள் விடுதியில் ஒன்பதாம் வகுப்பு சுக்ரி முதுலிக்குத் தனி மரியாதை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நகம் வெட்டவும், பேன் வாரவும், தீட்டுத் துணியை வெயிலில் உலர்த்தவும் பழக்குவதற்குப் பள்ளிக்கூடம் பொறுக்கியெடுத்த தோழி அவள். அதட்ட மாட்டாள்; கூடவே உட்கார்ந்து தானும் நகம் வெட்டிக்கொள்வாள். சின்னதுகள் அக்கா என்பதற்கு "நானி, நானி" என்று அவள் பின்னாலேயே சுற்றின.

அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது. மழைக்காலத்தில் விடுதிக்குள் சொறி புகுந்தது. எல்லாரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை களிம்பு பூசினால்தான் அது ஒழியும். ஒவ்வொருத்திக்கும் சொறி பார்த்து, வாய் ஓயாமல் அதைச் சொல்லிக்கொடுத்தவளே, எல்லாரும் பூசிய அன்றைக்குத் தான் மட்டும் பூசவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அரித்தது. ஆனால் சொறி பார்க்கிறவளுக்கே சொறி என்றால் சிரிக்க மாட்டார்களா? முழுக்கைச் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டாள்.

போன சொறி திரும்பி வந்தது. பழி, சுக்ரிக்குப் பக்கத்துப் பாயில் படுக்கும் டாலிம்பாவின் தலையில் விழுந்தது. ஆறாம் வகுப்பிலேயே பொடிசு அவள்.

"நீ ஒழுங்காப் பூசியிருக்க மாட்டே, அழுக்கு மூட்டை!" என்று, பிள்ளைகள் தீதி என்று கூப்பிடும் விடுதி மேட்ரன் கத்தினாள். "நாளைக்கு உங்கப்பன வரச் சொல்லியிருக்கேன். வீட்டுக்குக் கெளம்பு."

இப்படிப் போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததில்லை. கேழ்வரகுக் காட்டில் களை பறிக்க ஆள் வேண்டுமே. சுக்ரிக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. டாலிம்பா பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்க்கப் பார்க்க, தூ, நானெல்லாம் ஒரு நானியா என்று வந்தது.

காலையில் டாலிம்பாவின் அப்பன் வந்து நின்றான். அப்போதுதான் சுக்ரி முற்றத்துக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி மேட்ரனிடம் காட்டினாள்.

"தீதி, எனக்குத்தான் இருக்கு. அன்னிக்கு நான் பூசிக்கவே இல்ல. என்கிட்டேருந்துதான் இவளுக்கு மறுபடி ஒட்டியிருக்கு."

"ஊருக்குத்தான் உபதேசமா, நானி?" என்று ஒருத்தி ஆரம்பிக்க, முற்றமே சிரித்தது. சுக்ரி தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். மேட்ரன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாரையும் மறுபடி பூசச் சொன்னாள். அப்பன் தனியாகவே பஸ் ஏறினான்.

அறையில் டாலிம்பா சுக்ரியின் முதுகுக்குக் களிம்பு தேய்த்துவிட்டாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் நானி. தூக்கத்துல நீ சொறியறது கேக்கும்."

"அப்புறம் ஏன்டி மேட்ரன்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்கல்ல?"

சுக்ரியால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.