அம்மாவின் நீலத் தையல்

வெள்ளை ஞானஸ்நான கவுன் ஒன்றுக்கு அம்மா மஞ்சள் நூலால் ஓரம் தைத்துவிட்டாள். துணி கொடுத்திருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "மொதல்ல கண்ணைக் காட்டுங்க டெய்லரம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். ஜீவனஹள்ளி வீட்டின் முன்னறையில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தையல் மிஷின் மிதித்தவள், அன்று அதன்மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி மூடினாள். சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. எடுத்துவிடலாம், பார்வை வந்துவிடும் என்றார். நாங்கள் மூச்சு விடுவதற்குள் சிறுநீர் சோதனை முடிவு வந்தது.

"ஷுகர் நிறைய இருக்கும்மா. இதோட கத்தி வெச்சா புண்ணு ஆறாது, கண்ணே போயிடும். அரிசியை விடுங்க, ராகி சாப்பிடுங்க. இனிப்பு கிட்டவே போகாதீங்க. பொங்கல் கழிச்சு வாங்க. டெஸ்ட்ல நீலம் வந்தாத்தான் தொடுவேன்."

எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், உற்சாகம் பிறந்துவிட்டது. நான் அப்போது பி.எஸ்ஸி. முதல் வருஷம்; கெமிஸ்ட்ரி என்றால் உயிர். நீலம் என்றால் என்னவென்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மாவுக்கு லெக்சர் அடித்தேன். நீலக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, இன்னும் இருந்தால் மஞ்சள், ஆரஞ்சு. ஏராளமாக இருந்தால் செங்கல். மறுநாளே கல்லூரி லாப் உதவியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் கரைசல் எல்லாம் வாங்கி வந்துவிட்டேன்.

ரயில்வே ஷெட்டுக்குக் கிளம்பும் அப்பா, நான் குழாயைக் கொதிக்க வைக்கும் கொல்லைப்பக்கம் தினமும் எட்டிப் பார்ப்பார். "இன்னா, டிகாஷன் எறங்குச்சா?"

"ஒரு டம்ளர் குடிக்கிறியா?" என்பாள் அம்மா.

குழாயைக் கண்ணுக்கு அருகே வைத்தாலும் அம்மாவுக்கு நிறம் பிடிபடவில்லை. "நூலு பொட்டியைக் கொண்டா" என்றாள். குழாயின் நிறத்துக்குச் சேர்ந்த எம்பிராய்டரி நூலை நான் எடுத்து ஊசியில் கோர்த்துத் தர வேண்டும். அந்தக் கவுனில் மிஞ்சிய வெள்ளைத் துண்டில், விரலால் தடவிப் பார்த்து, நாளுக்கு ஒரு தையல் போட்டாள். எந்த நோட்டுப் புத்தகத்தையும்விட எனக்கு அது அழகாகப் பட்டது.

பத்து நாள், பத்துச் செங்கல் தையல்.

எனக்குப் பொறுக்கவில்லை. அரிசி நின்றுவிட்டது. காபியில் சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா சொல்லிக்கொடுத்தபடி அம்மா தினமும் இரண்டு வேளை ராகி முத்தே, அதாவது களி உருண்டைதான் கிண்டிச் சாப்பிட்டாள். அந்த அக்காவின் புருஷன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். "ராகி ஔஷதி ரீ, இன்னொந்து தின்னி" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். மருந்துதானே, இன்னும் ஒன்று சாப்பிட்டால் சீக்கிரம் குணம். அரிசியில்தான் சர்க்கரை என்று எங்கள் தெருவே நம்பியது. மாவுச்சத்து எதுவாக இருந்தாலும் கடைசியில் சர்க்கரையாகத்தான் மாறும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கிய நானும் நம்பினேன்.

ஆகவே அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன். "உண்மையைச் சொல்லும்மா. யாருக்கும் தெரியாம எதைத் தின்னே?"

அம்மா எழுந்து போய், மத்தியானத்துக்கு உருட்டி வைத்திருந்த முத்தேயைத் தட்டோடு மிஷின் மேல் வைத்தாள். இஞ்ச் டேப்பை எடுத்து அதன் இடுப்பைச் சுற்றினாள்.

"எவ்ளோன்னு படிடி."

"பதினாலு இஞ்ச்."

"மூட்டை தூக்கறவரு துன்ற சைஸு இது. இந்த மாதிரி வேளைக்கு ரெண்டு. இன்னா துன்னணும்னு டாக்டரு சொன்னாரு. எவ்ளோன்னு சொன்னாரா? படிச்சவளாச்சே, நீ கேட்டியா? ஒரு ஜாக்கெட்டு கையிக்குக்கூட நான் அளவு எடுக்காம கத்திரி வெச்சதில்ல. இதுல கோட்டை வுட்டுட்டேன்."

என் கெமிஸ்ட்ரி முழுவதும் அந்த டேப்பின் முன் மண்டியிட்டது.

மறுநாளிலிருந்து வேளைக்கு ஒன்று; அதுவும் பன்னிரண்டு இஞ்ச். இரண்டு நாள் கழித்துப் பதினொன்று. துணியை இறுக்கிப் பிடித்து அளவு குறைக்கிற மாதிரி குறைத்துக்கொண்டே வந்தாள். தட்டில் காலியான இடத்தைக் கீரையும் கோஸும் நூக்கலும் பிடித்துக்கொண்டன. அவரைக்காய் சீசன், தெருவெல்லாம் அந்த வாசனை. அதையும் கைப்பிடி அளந்துதான் போட்டாள். பசி எடுத்தால் வெள்ளரிக்காயைக் கடித்தபடி எனக்கு அதட்டல் போடுவாள். எட்டு இஞ்சில் நிறுத்தியபோது வெள்ளைத் துண்டில் ஆரஞ்சு போய், மஞ்சள் போய், பச்சை வந்திருந்தது. பொங்கலுக்கு நான்கு நாள்தான் பாக்கி.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை அவளே செய்தாள். பாகு பதத்தை விரலால் தொட்டே கண்டுபிடித்தாள், நாக்கில் வைக்கவில்லை. அப்பாவுக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு வாய் துன்னு. சாமி பிரசாதம்தானே."

"சாமிக்குச் சக்கரை வியாதி இல்ல. எனக்குக் கீது."

இவளல்லவோ பெண் என்று நான் பூரித்துப் போனேன். ஆனால் மறுநாள் காலை குழாய் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியிருந்தது. கரைசல் பழசாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை இனிப்புக்கு நடுவே நின்றவளுக்கு மஞ்சளைக் கொடுக்கக் கை வரவில்லை. நீல நூலைக் கோர்த்து நீட்டினேன்.

"நெசமாவா?"

"நீலம்தாம்மா."

அவள் கொஞ்ச நேரம் ஊசியைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தைத்தாள்.

அதற்கு மேல் நான் பொய் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு நாள் பச்சை, பிறகு வரிசையாக ஏழு நீலம். துண்டை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனோம். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் செங்கலிலிருந்து நீலம் வரை பார்த்தார். அங்கேயே ஒரு சோதனை செய்தார். நீலம்.

"ஊசி போடாம, மருந்து இல்லாம இவ்வளவு சீக்கிரம் எப்படிம்மா?"

"அளவுங்க" என்றாள் அம்மா.

முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன். தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, கட்டுப் போட்டு, ஒரு வாரம் அசையாமல் படுத்திருந்தாள். அப்போதும் நான் ஊட்டிய கவளத்தை விரலால் தொட்டு, "இது பெருசு" என்றாள். புண் ஆறியது. சோடா புட்டிக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவள் கேட்ட முதல் சாமான் அந்த வெள்ளைத் துண்டுதான்.

ஒவ்வொரு தையலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொங்கலுக்கு மறுநாள் தையலில் விரல் நின்றது.

"நூலு நீலம்தான். ஆனா அன்னிக்கி வந்தது நீலம் இல்லையே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொங்கலன்னிக்கிப் பாத்திரம் கழுவும்போது அடியில ஒட்டினு இருந்த பொங்கலை வழிச்சு நாலு வாய் துன்னேன். அப்பால எங்கேர்ந்துடி நீலம் வரும்?" கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த கண் என்னைப் பார்த்தது. "இன்னா கலரு வந்துச்சு?"

"மஞ்சள்."

அம்மா கத்திரியின் நுனியால் அந்தத் தையலைப் பிரித்தாள். நூல் பெட்டியிலிருந்து மஞ்சளைத் தானே எடுத்தாள். நான் வழக்கம்போல ஊசிக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நூல் நுனியை நாக்கில் ஈரம் செய்து, ஒரே தடவையில் கோர்த்தாள்.